வைல்டர் பென்பீல்டு

முன்னுரை

உடலுறுப்புகளுள் தலையாயது மூளை. ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையுள்ள இம்மென்மையான உறுப்பே நாம் காண்பதற்கும், கேட்பதற்கும், பேசுவதற்கும், எண்ணுவதற்கும், நினைவு கூர்வதற்கும் நிலைக்களமாக விளங்குகிறது. கையில் ஒரு கட்டி தோன்றின் அதனை அறுத்து நீக்கலாம். அதனால் பெருங்கேடு விளைவதில்லை. மூளையிலோ ஒரு விரற்கடை இடம் தவறி அறுப்பினும் பேச்சுப் போய்விடக்கூடும். கை கால்கள் செயலற்றுப் போகக்கூடும். நினைவாற்றலே அழிந்துபடவும் கூடும். ஆகவே, மூளையில் கத்தி வைக்கும் மருத்துவர், எதனை நீக்கலாம், எதனைத் தொடலாகாது என்பதை முன்னரே ஐயமற அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவைத் தேடுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட பெருமகனார் ஒருவர் கனடா நாட்டில் வாழ்ந்தார். அவரே வைல்டர் பென்பீல்டு ஆவார்.

பிறப்பும் இளமையும்

பென்பீல்டு 1891ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாஷிங்டன் மாநிலத்தைச் சார்ந்த ஸ்போகேன் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் கடைக்குட்டி. அவருக்கு ஓர் அண்ணனும், ரூத் என்னும் தமக்கையும் இருந்தனர். தந்தையார் மருத்துவர், ஆயினும் அவருடைய தொழில் நாளடைவில் நலிவுற்றது. பென்பீல்டுக்கு எட்டு வயது ஆனபோது, தாயார் ஜீன் அம்மையார் தம் மக்களை அழைத்துக்கொண்டு, விஸ்கான்சின் மாநிலத்தில் ஹட்சன் என்னும் ஊரிலிருந்த தம் பெற்றோர் இல்லத்தை அடைந்தார். அன்று முதல் மக்களை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் அவ்வம்மையாரைச் சார்ந்தது.

அம்மையார் கல்வியில் பேரார்வம் உடையவர். மகனுக்குப் பதின்மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோது, இங்கிலாந்திலுள்ள ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பயிலுவதற்கென வழங்கப்படும் ரோட்ஸ் உதவித்தொகையைப் பற்றி அவர் அறிந்தார். படிப்பில் மட்டுமேயன்றி விளையாட்டிலும் நல்லொழுக்கத்திலும் தலைமைப் பண்பிலும் சிறந்து விளங்குவோர்க்கே அவ்வுதவி கிட்டும். அதனைத் தம் மகன் பெறவேண்டும் என்று அன்னை விரும்பினார். மகனும் அதனையே தம் குறிக்கோளாகக் கொண்டார். உடல் வலிமை குறைந்திருந்த அவர், நாள்தோறும் பயிற்சி செய்து உடலை உரமாக்கிக்கொண்டார்.

கல்வி

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பென்பீல்டு, 1913ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். கால்பந்தாட்டத்தில் அவர் தேர்ச்சி மிக்கவர்; பட்டம் பெற்றபின் ஆட்டப் பயிற்சியாளராகவும் பணியாற்றினார். பின்னர் அவர் விரும்பிய உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. தாயின் கனவு நனவாயிற்று. 1915ஆம் ஆண்டு அவர் ஆக்ஸ்போர்டில் மெர்ட்டன் கல்லூரியை அடைந்தார்.

அங்கே அவருக்கு இரு பேராசான்கள் வாய்த்தனர். ஒருவர் வில்லியம் ஆஸ்லர். நோயாளியின் படுக்கை அருகிலேயே மருத்துவம் கற்பிக்கப்பட வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியவர். மற்றொருவர் சார்லஸ் ஷெரிங்டன். நரம்புகள் செயற்படும் முறையை ஆராய்ந்து பிற்காலத்தில் நோபெல் பரிசு பெற்றவர். ஷெரிங்டனின் ஆய்வுக்கூடத்தில் பயின்ற நாள்களில், மூளையென்பது இதுவரை எவரும் சென்று காணாத ஒரு நாடு என்ற எண்ணம் பென்பீல்டின் உள்ளத்தில் வேரூன்றியது. அந்நாட்டிற்குள் புகுந்து வழி காணவேண்டும் என்னும் வேட்கையும் அப்பொழுதே பிறந்தது.

அது முதல் உலகப் போர் நிகழ்ந்த காலம். 1916ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பிரான்சு நாட்டு மருத்துவமனை ஒன்றில் தொண்டு செய்யும் பொருட்டு, பென்பீல்டு சசெக்ஸ் என்னும் கப்பலில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்துகொண்டிருந்தார். ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஏவிய டார்பிடோ அதனைத் தாக்கியது. கப்பலின் முற்பகுதி சிதைந்தது, பலர் மாண்டனர். காலில் கடும் காயமுற்ற பென்பீல்டு உயிர் தப்பினார். அவரை ஆஸ்லர் தம் இல்லத்திற்கு வரவழைத்து, நலமடையும் வரையில் வைத்துப் பேணினார். இறப்பினின்று மீண்ட தமக்கு ஏதோ ஒரு பணி காத்திருக்கிறது என்று இளைஞர் உறுதி பூண்டார். பின்னர்த் தாயகம் திரும்பி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1918ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். அதற்கு முந்திய ஆண்டிலேயே ஹெலன் கெர்மாட்டு என்னும் நங்கையை அவர் மணந்துகொண்டார்.

வலிப்பு நோய்

பென்பீல்டு தம் வாழ்நாட் பணியாகக் கொண்டது வலிப்பு நோயை ஆராய்தல். இதனை மக்கள் காக்காய் வலிப்பு என்றும் வழங்குவர். நன்றாக இருந்த ஒருவர் திடீரென்று நினைவிழந்து வீழ்வார். கை கால்கள் வெட்டி இழுக்கும். சிறிது நேரத்தில் தெளிவடைவார். சிலர் வீழ்வதில்லை, சில நொடிகள் வெறித்துப் பார்த்தபடி நிற்பர். இதனைப் பேய் பிடித்ததென்றும் தெய்வக் குற்றமென்றும் கருதிப் பல நாட்டு மக்களும் நோயாளிகளை ஒதுக்கி வைத்தனர். உண்மையில் இது மூளையில் தோன்றும் நோய். மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின் அலைகளால் ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. அவ்வணுக்களுள் ஒரு கூட்டம் முறை தவறி ஒரே வேளையில் மின் ஆற்றலை வெளிப்படுத்துமாயின், அதுவே வலிப்பாக வெளிப்படுகிறது.

இவ்வுண்மையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆய்ந்துரைத்தவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஹூலிங்ஸ் ஜாக்சன். சில நோயாளிகளுக்கு வலிப்புக் கட்டைவிரலில் தொடங்கிக் கையில் ஏறி முகத்திற்குப் பரவுவதை அவர் கண்டார். எந்த உறுப்பில் வலிப்புத் தொடங்குகிறதோ, அவ்வுறுப்பை ஆளும் மூளைப் பகுதியிலேயே நோயின் வேர் உள்ளது என்று அவர் தெளிந்தார். அவ்வழியைப் பின்பற்றி, 1886ஆம் ஆண்டு லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி என்பார், வலிப்புக்குக் காரணமான வடுவை மூளையினின்று அறுத்து நீக்கினார்.

எனினும், இவ்வகை மருத்துவம் பெருகவில்லை. காரணம் யாதெனில், நோயின் வேர் எங்குள்ளது என்று பெரும்பாலோரிடம் கண்டறிய இயலவில்லை. கண்டறிந்தபோதும், அதனை நீக்கினால் வேறு எத்தகைய இழப்பு நேரும் என்பது தெரியவில்லை. இவ்விரு வினாக்களுக்கும் விடை காணும் பணியே பென்பீல்டுக்காகக் காத்திருந்தது.

ஆசானைத் தேடிய பயணம்

நியூயார்க்கு நகரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய பென்பீல்டு, தம் கல்வி நிறைவுற்றதென்று கருதவில்லை. 1924ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் தலைநகரான மாட்ரிட்டுக்குச் சென்று, ரியோ ஓர்த்தேகா என்னும் அறிஞரிடம் மூளை அணுக்களுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் காணும் முறையைக் கற்றார். 1928ஆம் ஆண்டு, அந்நாளில் ஜெர்மனியைச் சார்ந்திருந்த பிரெஸ்லா நகரத்தில் ஆட்பிரிட்டு பார்ஸ்டர் என்பாரிடம் சென்று ஆறு திங்கள் தங்கினார். பார்ஸ்டர், போரில் தலையில் காயமுற்று அதன் பயனாக வலிப்புக்கு ஆளான வீரர்களுக்கு மருத்துவம் செய்துவந்தார். நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தாது, தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, விழித்திருக்கும்போதே மூளையில் அவர் அறுவை செய்தார். தோலுக்கும் எலும்புக்கும் வலி உண்டு. மூளைக்கோ வலி உணர்ச்சி இல்லை. ஆகவே, மெல்லிய மின்னோட்டத்தால் மூளையைத் தொட்டுச் சோதித்து, நோயின் இடத்தை அறிந்து வடுவை நீக்க அவரால் இயன்றது. இம்முறையைக் கண்ட பென்பீல்டு, தாம் தேடிய வழி இதுவே எனத் தெளிந்தார்.

தமக்கைக்குச் செய்த மருத்துவம்

அவ்வாண்டே பென்பீல்டு கனடாவிலுள்ள மான்ட்ரியால் நகருக்கு அழைக்கப்பெற்றார். அங்கே மக்கில் பல்கலைக்கழகத்திலும் ராயல் விக்டோரியா மருத்துவமனையிலும் பணி ஏற்றார். அவருடைய நண்பரும் துணைவருமான வில்லியம் கோன் என்னும் மருத்துவரும் உடன் சென்றார். சென்ற சில திங்களுக்குள்ளே பென்பீல்டின் வாழ்வில் பெருஞ்சோதனை ஒன்று நேர்ந்தது.

தமக்கை ரூத் அம்மையார் இளமை முதலே வலிப்புக்கு ஆளாகியிருந்தார். 1928ஆம் ஆண்டின் இறுதியில் அவர் நிலை மோசமடைந்தது, தலைவலி மிகுந்தது, பார்வை மங்கத் தொடங்கியது. மான்ட்ரியாலுக்கு வந்த அவரைச் சோதித்தபோது, மூளையின் வலப்பக்கத்து நெற்றிப்புறத்தில் பெரிய கட்டி ஒன்று வளர்ந்திருப்பது புலனாயிற்று. உடன்பிறந்தவளின் மூளையில் தம் கையால் கத்தி வைப்பதா என்று பென்பீல்டு கலங்கினார். ஆனால், அந்நகரில் அவ்வறுவையில் அவரினும் பயின்றவர் எவர்? தமக்கையாரும் தம்பியையே நம்பினார். பென்பீல்டு துணிந்தார்; நெற்றிப்புற மூளையின் பெரும் பகுதியோடு கட்டியை நீக்கினார். எனினும், கட்டியின் வேர் ஆழச் சென்றிருந்ததால் அதனை முற்றும் களைய இயலவில்லை.

அம்மையார் உயிர் பிழைத்து இல்லம் திரும்பினார். பேச்சும் அறிவும் பண்பும் குறைவின்றி இருந்தன. ஆயினும், ஏறத்தாழ பதினைந்து திங்களுக்குப் பின் தம்பி அவர் இல்லத்திற்கு விருந்தினராகச் சென்றபோது ஒரு நிகழ்ச்சி நடந்தது. பல ஆண்டுகள் குடும்பத்தை நடத்திய அவ்வம்மையார், குடும்பத்தார் நால்வருக்கும் தம்பிக்கும் எளிய உணவொன்று சமைக்க முற்பட்டார். உணவு நேரம் வந்தபோது, பண்டங்கள் எல்லாம் அடுக்களையில் இருந்தன. ஒன்றிரண்டு அடுப்பின்மேலும் இருந்தன. ஆனால், இறைச்சியைச் சமைக்கத் தொடங்கவே இல்லை. எதனை முன் செய்வது, எதனைப் பின் செய்வது என ஒழுங்குபடுத்தும் ஆற்றல் அவரை விட்டு நீங்கியிருந்தது. அவர் நெடுநேரம் தனியே முயன்று களைத்து நின்றார். அதனைக் கண்ட தம்பி, தாம் நீக்கிய பகுதி எப்பணியைச் செய்துவந்தது என்பதை உணர்ந்தார். கட்டி மீண்டும் வளரவே, 1931ஆம் ஆண்டு ரூத் அம்மையார் காலமானார்.

இத்துயரம் பென்பீல்டின் உள்ளத்தில் ஆறாத வடுவாயிற்று. ஆயினும், அவர் துயரத்திலே அமிழ்ந்துவிடவில்லை. மூளையை அறிந்தோர் பலரும் ஒரே கூரையின் கீழ்க் கூடி உழைத்தாலன்றி இந்நோயை வெல்ல இயலாது என்று கருதினார். மருத்துவர், அறுவை மருத்துவர், நுண்ணோக்கி ஆய்வாளர், மின் ஆய்வாளர், மனநூல் வல்லுநர் ஆகிய அனைவரும் கூடி வாழும் ஒரு நிலையம் வேண்டுமெனப் பலரையும் அணுகினார். ராக்பெல்லர் அறநிறுவனம் பெரும்பொருள் உதவியது. 1934ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மான்ட்ரியால் நரம்பியல் நிலையம் திறக்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் பென்பீல்டே. அவ்வாண்டிலேயே அவர் கனடா நாட்டுக் குடிமகனும் ஆனார்.

அறுவைக்கு முன் ஆராய்ச்சி

நோயாளி ஒருவர் அந்நிலையத்தை அடைந்தால், உடனே அவரை அறுவைக் கூடத்திற்குக் கொண்டுசெல்லும் வழக்கம் இல்லை. முதலில் மருத்துவர்கள் அவரோடும் குடும்பத்தாரோடும் நெடுநேரம் உரையாடுவர். வலிப்பு வருமுன் அவர் உணர்வது யாது? கையில் ஊரல் எடுக்கிறதா? கண்முன் ஒளி தோன்றுகிறதா? இல்லாத மணம் மூக்கில் படுகிறதா? அடிவயிற்றிலிருந்து அச்சம் எழுகிறதா? தலை எப்பக்கம் திரும்புகிறது? இவற்றையெல்லாம் வினவிக் குறித்துக்கொள்வர். வலிப்பின் முதல் அறிகுறியே நோய் தொடங்கும் இடத்தைச் சுட்டும் கைகாட்டி என்பது ஜாக்சன் கற்பித்த பாடம்.

அடுத்து, எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கப்படும். மூளையின் உட்குழிவுகளில் காற்றைச் செலுத்திப் படமெடுத்தால், அவற்றின் வடிவம் தெரியும். வடுவினால் மூளையின் ஒரு பக்கம் சுருங்கியிருப்பின், அக்குழிவு அப்பக்கம் இழுபட்டுக் காணும்.

மூன்றாவது சோதனையே பெரும்புதுமை வாய்ந்தது. ஜெர்மனியின் ஜீனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், தலைத்தோலின்மேல் மின்முனைகளை வைத்து மூளையின் மின் அலைகளைத் தாளில் பதிவு செய்யலாம் எனக் கண்டு, 1929ஆம் ஆண்டு அதனை வெளியிட்டார். அமெரிக்காவில் ஹெர்பர்ட்டு ஜாஸ்பர் என்னும் இளைஞர் அக்கலையில் வல்லவராய் இருந்தார். அலைகளின் கோலத்தைக் கொண்டே வலிப்புத் தோன்றும் இடத்தைக் குறிக்கலாம் என்று அவர் கூறியபோது, பென்பீல்டு முதலில் நம்பவில்லை. ஆயினும், ஆராயாது மறுப்பது அறிவுடைமை ஆகாது என்று கருதினார். ஜாஸ்பர் இடம் குறித்த நோயாளிகளுக்கு அறுவை செய்து பார்த்தார். குறித்த இடத்தில் வடு இருந்தது. தம் ஐயம் தவறென உணர்ந்த பென்பீல்டு, ஜாஸ்பரைத் தம் நிலையத்திற்கே அழைத்துக்கொண்டார். இருவரும் பல்லாண்டு இணைந்து உழைத்து, 1954ஆம் ஆண்டு வலிப்பு நோயையும் மூளையின் செயல்களையும் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டனர்.

விழித்திருக்கும் நோயாளி

இச்சோதனைகளெல்லாம் நோயின் இடத்தைக் காட்டின. அவ்விடத்தை அடுத்துள்ள மூளைப் பகுதி என்ன பணி செய்கிறது என்பதை அறிய வேறு சோதனை வேண்டியிருந்தது. அது அறுவைக் கூடத்திலேயே நடந்தது.

நோயாளி விழித்துப் பேசிக்கொண்டே படுத்திருப்பார். மண்டையோட்டின் ஒரு பகுதி திறக்கப்பட்டிருக்கும். பென்பீல்டு மெல்லிய மின்முனையால் மூளையின் ஓரிடத்தைத் தொடுவார். நோயாளியின் விரல் தானாக அசையும்; அல்லது நாவில் ஓர் உணர்வு தோன்றுவதாக அவர் கூறுவார். உடனே எண் பொறித்த சிறு தாள் துண்டொன்று அவ்விடத்தில் வைக்கப்படும். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்திருக்கும் எழுத்தர், எந்த எண்ணில் என்ன நிகழ்ந்தது எனக் குறித்துக்கொள்வார். இவ்வாறு அந்நோயாளியின் மூளைக்கு ஒரு வரைபடம் உருவாகும். அதன் துணைகொண்டு, காக்க வேண்டிய இடங்களைக் காத்து, நோயுற்ற இடத்தை மட்டும் பென்பீல்டு நீக்குவார்.

நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் கிடைத்த இக்குறிப்புகளைத் தொகுத்தபோது அரியதோர் உண்மை வெளிப்பட்டது. உடலின் உறுப்புகள் அனைத்திற்கும் மூளையின் மேற்பரப்பில் வரிசையாக இடம் உண்டு. ஆனால், அவ்விடங்கள் உறுப்பின் பருமனுக்கு ஏற்ப அமைந்தவை அல்ல. நுண்ணிய தொழில் செய்யும் கட்டைவிரலுக்கும் உதட்டுக்கும் நாவுக்கும் பேரிடம் உண்டு. அகன்ற முதுகுக்கோ சிற்றிடமே உண்டு. இதனை விளக்க, பெரிய கைகளும் தடித்த உதடுகளும் கொண்ட விந்தையான ஒரு மனித உருவத்தைப் பென்பீல்டும் அவருடைய மாணவர் எட்வின் போல்டுரேயும் 1937ஆம் ஆண்டு வரைந்து காட்டினர். உலகெங்கும் மருத்துவம் பயிலும் மாணவர் அதனை இன்றும் கற்கின்றனர்.

பேச்சுக்குரிய இடங்களைக் காண்பதற்கு அவர் வேறொரு முறையைக் கையாண்டார். நோயாளிக்குப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் கூறச் சொல்வார். ஒருமுறை வண்ணத்துப்பூச்சியின் படத்தைக் காட்டியபோது, நோயாளி வாளா இருந்தார். சினம் கொண்டவர்போல விரலைச் சொடுக்கினார். மின்முனையை எடுத்தவுடன் பேச்சு மீண்டது. அச்சொல் நினைவுக்கு வரவில்லை என்றும், விட்டில் என்னும் சொல்லையேனும் கூற முயன்று அதுவும் வரவில்லை என்றும் அவர் தெரிவித்தார். பொருள் தெரிந்திருந்தும் சொல் மட்டும் மறைந்துபோயிற்று! தொட்ட இடம் பேச்சுக்குரியது என்பதும், கத்தி அங்கே செல்லலாகாது என்பதும் இவ்வாறு விளங்கின.

கன்னப்பொட்டுக்கு உட்புறமாக அமைந்த மூளைப் பகுதியைத் தொட்டபோது, ஒரு சிலர் மட்டும் பழைய இசையைக் கேட்பதாகவும், என்றோ கண்ட காட்சியைக் காண்பதாகவும் கூறினர். அவை மெய்யான நினைவுகளா, கனவு போன்ற தோற்றங்களா என்பது குறித்து அறிஞரிடையே பிற்காலத்தில் கருத்து வேறுபாடு எழுந்தது.

தவறும் பாடமும்

பெரியோரிடத்தும் தவறு நேர்வதுண்டு. அதனை மறைப்பதும் வெளியிடுவதுமே சிறியோரையும் பெரியோரையும் வேறுபடுத்துகின்றன. பென்பீல்டின் வாழ்விலும் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு.

பொறியாளர் ஒருவருக்கு மூளையின் இடப்பக்கத்துப் பொட்டுப் பகுதியில் 1946ஆம் ஆண்டு அறுவை செய்யப்பட்டது. வலிப்பு முற்றும் நிற்காததால், 1951ஆம் ஆண்டு அதே பக்கத்தில் இன்னும் உட்புறமாக உள்ள பகுதியும் நீக்கப்பட்டது. அதில் கடற்குதிரையின் வடிவத்தை ஒத்த ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பும் அடங்கும். அறுவைக்குப் பின் அவருடைய அறிவுக்கூர்மை குறையவில்லை. கற்ற பொறியியலும் மறக்கவில்லை. ஆனால், புதிதாக நிகழ்பவை எவையும் அவர் நினைவில் நிற்கவில்லை. சற்று முன் நடந்ததை அவர் அடுத்த நாழிகையில் மறந்தார். வேறொரு நோயாளிக்கும் இவ்வாறே நேர்ந்தது.

பலருக்கு இதே அறுவையைச் செய்தும் இத்தீங்கு நேரவில்லையே, இவ்விருவருக்கு மட்டும் நேர்ந்தது ஏன் என்று பென்பீல்டு ஆராய்ந்தார். நோயாளிகளின் நினைவாற்றலைச் சோதிக்கும் பணி பிரெண்டா மில்னர் என்னும் மனநூல் அறிஞரிடம் இருந்தது. மூளையின் இரு பக்கங்களிலும் ஹிப்போகாம்பஸ் உண்டு. ஒரு பக்கத்ததை நீக்கினும் மறுபக்கத்தது துணை செய்யும். இவ்விருவருக்கும் மறுபக்கத்தது முன்னரே பழுதுற்றிருத்தல் வேண்டும் என்று இருவரும் கருதினர். பென்பீல்டு இதனை மறைக்காது, 1955ஆம் ஆண்டு மருத்துவர் பேரவையில் எடுத்துரைத்தார். அப்பொறியாளர் 1964ஆம் ஆண்டு மறைந்த பின்னர் மூளையைச் சோதித்தபோது, வலப்பக்கத்து ஹிப்போகாம்பஸ் சுருங்கிக் கிடந்தது. அவர்கள் கருதியது உண்மையாயிற்று.

இத்தவறு இனி எவருக்கும் நேராதிருக்கச் செய்வது எவ்வாறு? அதற்கான வழி, ஜப்பானிய மருத்துவர் ஜூன் வாடாவின் கண்டுபிடிப்பினால் கிட்டியது. அவர் 1950களின் நடுவில் மான்ட்ரியால் நிலையத்திற்கு வந்து சேர்ந்தார். கழுத்தின் ஒரு பக்கத்துத் தமனியில் உறக்க மருந்தைச் செலுத்தினால், மூளையின் அந்தப் பாதி மட்டும் சில நிமிடங்கள் செயலற்று உறங்கும், மறுபாதி விழித்திருக்கும். நோயாளியின் இரு கைகளையும் உயர்த்தி எண்களை எண்ணச் சொல்வர். மருந்து சென்றதும் எதிர்ப்பக்கத்துக் கை கீழே விழும். பேச்சும் நின்றுவிடுமாயின், பேச்சின் இருப்பிடம் உறங்கும் பாதியே என்பது தெளிவாகும். இடக்கைப் பழக்கம் உடையவர் சிலருக்குப் பேச்சு வலப்பக்கத்தில் அமைந்திருப்பதும் இச்சோதனையால் அறியப்பட்டது. மில்னர் இதனோடு நினைவுச் சோதனையையும் சேர்த்தார். ஒரு பாதி உறங்கும்போது சில பொருள்களைக் காட்டி, விழித்தபின் அவை யாவை என வினவுவார். விழித்திருந்த பாதியே தனித்து நினைவைத் தாங்கவல்லதா என்பது இதனால் தெரிந்துவிடும். தாங்காதெனின், மறுபாதியில் கத்தி வைத்தலாகாது. அறுவைக்குப் பின் நேரக்கூடிய இழப்பினை அறுவைக்கு முன்னரே காட்டும் கண்ணாடியாக இச்சோதனை விளங்கியது.

பிற்கால வாழ்வு

1960ஆம் ஆண்டு பென்பீல்டு நிலையத்தின் இயக்குநர் பொறுப்பினின்று ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றும் அவர் வாளா இருக்கவில்லை. எழுதுகோலைக் கையில் எடுத்தார். மருத்துவத் தந்தையாகிய ஹிப்போகிராட்டிஸின் வாழ்வை அடிப்படையாகக் கொண்டு புதினம் ஒன்றை எழுதினார். குழந்தைகள் இளமையிலேயே இரண்டாவது மொழியைக் கற்பது எளிது என்று பலவிடத்தும் வலியுறுத்தினார். மூளைக்கும் மனத்திற்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினா அவரை இறுதிவரை ஆட்கொண்டிருந்தது. அதனைக் குறித்து 1975ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். பிரிட்டிஷ் அரசு 1953ஆம் ஆண்டு அவருக்கு உயரிய தகுதி விருதினை வழங்கியது. கனடா அரசும் 1967ஆம் ஆண்டு சிறப்புச் செய்தது. 1976ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 5ஆம் நாள், தம் 85ஆம் வயதில் மான்ட்ரியாலில் அவர் இயற்கை எய்தினார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தம் வரலாற்று நூலை எழுதி முடித்திருந்தார்.

முடிவுரை

பென்பீல்டின் காலத்திற்குப் பின் ஆய்வுக் கருவிகள் பெருகியுள்ளன. காந்த அலைகளின் துணைகொண்டு மூளையின் உட்புறத்தை நுட்பமாகப் படமெடுக்கலாம். நோயாளியை மருத்துவமனையில் சில நாள் தங்கச் செய்து, வலிப்பின் தோற்றத்தையும் மின் அலைகளையும் ஒருங்கே பதிவு செய்யலாம். மூளையில் காற்றுச் செலுத்திப் படமெடுக்கும் பழைய முறை மறைந்துவிட்டது. வாடாவின் சோதனைக்கு மாற்றாகப் பலவிடத்தும் காந்தப் படச் சோதனை வந்துள்ளது. ஆயினும், நோய் எங்குள்ளது, நீக்கினால் இழப்பது யாது என்னும் வினாக்கள் அவைதாம். பேச்சுக்குரிய இடத்தின் அருகே அறுவை செய்யும்போது, நோயாளியை விழித்திருக்கச் செய்து படங்களைக் காட்டி வினவும் முறை இன்றும் வழக்கில் உள்ளது.

வலிப்பு நோயாளிகளுள் மூன்றில் இரு பங்கினர் மருந்தினாலேயே நலம் பெறுகின்றனர். மருந்துக்கு அடங்காதோருள் தக்கவர்க்கே அறுவை பயன்படும். அத்தக்கவரைத் தேர்ந்தறிவதற்கே இத்தனை ஆராய்ச்சியும். நோயை ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியை ஆராய்ந்து, அதன்பின் பிழை நேராமல் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த மருத்துவ நெறி. கடல் கடந்த நாட்டில் பிறந்த பென்பீல்டின் வாழ்வு அந்நெறிக்கு ஓர் எடுத்துக்காட்டாகத் திகழ்கிறது. தமக்கையின் துயரத்தையும் பொறியாளரின் இழப்பையும் அவர் மறக்கவில்லை. அவற்றிலிருந்து பிறர்க்கு நலம் விளையும் வழியைக் கண்டார். அறியாதவிடத்து நின்று ஆராய்தலும், தவறியவிடத்து ஒப்புக்கொண்டு திருந்துதலும் மருத்துவர்க்கு மட்டுமேயன்றி அனைவர்க்கும் வேண்டிய பண்புகளாகும்.